செம்மீன் வாசிக்கும்போது கடனைத் தாண்டிப் போகாதீர்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன், பொகவந்தலாவை பக்கம் நாலு பேர் கூடி நாவல் பேசுகிற இடத்தில் தகழி சிவசங்கரப் பிள்ளையின் மலையாள நாவலான செம்மீனை எடுத்தால், கதை தங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 1965-ல் வந்த படத்தைத்தான் சொல்கிறார்கள். நல்ல படம்தான், ஆனால் அதைப் பார்த்தவருக்கு மனதில் நிற்பது கடலும் பாட்டும் பரீக்குட்டியின் ஏக்கமும். 1956-ல் வந்த நாவலை, சுந்தர ராமசாமியின் தமிழ் மொழிபெயர்ப்பிலேயே கிடைக்கிறது, எடுத்துப் படித்தால் காதலுக்குச் சமமாகப் பணமும் பேசப்படுவது தெரியும்.

பெரிய தவறே அந்தப் பணத்தை வேகமாகப் புரட்டிவிட்டுப் போவது. மீனவர் செம்பன்குஞ்சுக்குத் தோணியும் வலையும் வேண்டும், கையில் போதிய காசில்லை. சின்ன வியாபாரியான முஸ்லிம் பையன் பரீக்குட்டி, செம்பன்குஞ்சின் மகள் கறுத்தம்மா மேல் இருக்கிற பிரியத்தில், பணமும் கருவாடும் கொடுக்கிறான். தோணி வந்ததும் செம்பன்குஞ்சு அவனுக்கே மீன் தர மறுக்கிறான், ரொக்கம் கேட்கிறான். பரீக்குட்டி நொடித்துப் போகிறான். மதமும் சாதியும் இவர்களைப் பிரிக்கிறது, சரி, ஆனால் கறுத்தம்மா அவனை மறக்க முடியாமல் தவிப்பதில் பாதி அந்தக் கடனின் கூச்சம். அவனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வீட்டில் கெஞ்சுகிற பெண் அவள். 1921 வரை இலங்கைத் தோட்டங்களில் இருந்த துண்டு முறையில் (கடன் விவரம் எழுதிய துண்டுச் சீட்டு இருந்தால்தான் தோட்டம் மாறலாம்), கடன் தீராமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாமல் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கடன் ஒரு மனுசனை எப்படிக் கட்டிப்போடும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை, அதனால்தான் நாமே இதைத் தாண்டிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், கரையில் மனைவி ஒழுக்கமாக இருந்தால்தான் கடலில் கணவன் பிழைப்பான் என்கிற நம்பிக்கை. முடிவைப் படித்துவிட்டு, கடலம்மா தண்டித்துவிட்டாள், எழுத்தாளர் அதைத்தான் சொல்கிறார் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அது அந்தக் கரையின் நம்பிக்கை. அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்: கறுத்தம்மாவைப் பற்றிய பேச்சு பரவியதும், அவளை மணந்த மீனவன் பழனியோடு தோணியில் போக மற்றவர்கள் பயப்படுகிறார்கள், பிழைக்க வழியில்லாமல் அவன் தனியாகக் கடலுக்குப் போகிறான். அவன் சாவதற்கு இதுவே போதும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில் கிளம்பின பேச்சு ஒரு பெண்ணின் வாழ்க்கையை என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சாபத்தைத் தேட மாட்டார்கள்.

பழனியை வில்லனாக்குவதும் வேண்டாம். அவன் அநாதை, கடைசியில் எல்லாரும் கைவிட்டவன்.

கூடிப் பேசுகிற நேரம் முழுவதையும் கடைசி அத்தியாயத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். கறுத்தம்மாவின் அம்மா சக்கி சாகும் பகுதியை நிதானமாக வாசியுங்கள். என் மகளுக்கு நீ அண்ணனாக இரு என்று அவள் பரீக்குட்டியிடம்தான் கேட்கிறாள். அந்தச் சாவுச் செய்தியை எடுத்துக்கொண்டு பழனி வீட்டுக்குப் போகிறவனும் அவனே.