‘உட்காரு’ என்று அதட்டுவதற்கு முன்
1960களின் இறுதியில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ்லி பெக்கரின் ஆய்வுக் குழு ஒரு முதல் வகுப்பைக் கவனித்தது. ஆசிரியர்கள் ‘உட்காரு’ என்று அதிகம் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுவதும் அதிகமானது. சொன்னவுடன் பிள்ளை உட்கார்ந்துவிடுவதால் அதட்டல் பலித்ததாகவே நமக்குத் தோன்றும். எழுந்தால் டீச்சர் கவனிப்பார் என்பதையும் பிள்ளை அப்போதே கற்றுக்கொள்கிறது. உட்கார்ந்து வேலை செய்தவர்களைப் பாராட்டியபோது எழுவது குறைந்தது.

ஆகவே, நாளை ஒருவன் எழுந்தால் அவனை விட்டுவிட்டு, பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவளிடம் பேசுங்கள்: “மூணாவது கணக்குக்கே வந்துட்டியா, பரவாயில்லையே!” அவன் உட்கார்ந்து பென்சிலைத் தொட்டதும் அவனிடமும் போய் நில்லுங்கள். வெறும் ‘குட்’ போதாது. எது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். இதுதான் முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

கண்டுகொள்ளாமல் இருப்பது மட்டும் உதவாது. இதே குழுவின் 1968 ஆய்வில், விதிகளைச் சொன்னதால் மட்டும் பெரிய மாற்றம் வரவில்லை. புறக்கணிப்போடு பாராட்டும் சேர்ந்தபோதுதான் வகுப்பு மாறியது.

அடிதடி, கேலி என்றால் காத்திருக்க வேண்டாம். உடனே தடுத்துவிடுங்கள்.