பிரிட்டனில் பாலிசி பாதியில் கார் மாற்றும்போது

ஊரில் பழைய கார் வாங்கியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "இன்சூரன்ஸ் மார்ச் வரைக்கும் இருக்கு சார்" என்பார் விற்பவர். ஆர்.சி.யோடு அந்தக் காகிதத்தையும் வாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டி வந்துவிடுவோம். இந்தியாவில் அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வண்டி கைமாறினால் இன்சூரன்ஸும் கூடவே மாறியதாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவு எடுத்துக்கொள்கிறது. 14 நாளுக்குள் பெயர் மாற்றச் சொல்லி விண்ணப்பித்தால் போதும்.

பிரிட்டனில் அப்படிக் கிடையாது. விற்றவர் தன் காருக்குப் போட்ட பாலிசி உங்களைக் காப்பாற்றாது. உங்கள் பழைய காருக்கு நீங்கள் போட்ட பாலிசியும் புதிய காருக்குத் தானாக வந்து சேராது. கம்பெனியிடம் சொல்லி மாற்ற வேண்டும். அதுவும் புதிய காரை ரோட்டில் இறக்குவதற்கு முன்பே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் தண்டனை. இன்சூரன்ஸ் இல்லாத கார்களைத் தேடிப் பிடிக்க யாரும் கை காட்டி நிறுத்த வேண்டியதில்லை. நம்பர் பிளேட்டைப் படிக்கும் போலீஸ் கேமராக்கள் எல்லாப் பாலிசிகளும் பதிவாகும் தேசியத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுவிடும். மாட்டினால் 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. காரையும் போலீஸ் பறிமுதல் செய்யலாம். புதிதாக வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அடி ஒன்று இருக்கிறது. இங்கே முதல் டெஸ்ட் பாஸ் செய்த 2 ஆண்டுக்குள் 6 புள்ளி வந்தால் லைசென்ஸே ரத்து. இந்திய, இலங்கை லைசென்ஸை இங்கே டெஸ்ட் இல்லாமல் மாற்றிக்கொள்ள முடியாது என்பதால், சென்னையிலோ கொழும்பிலோ 15 வருடம் ஓட்டியவர்கூட இந்தச் சட்டத்தின் கண்ணில் புது டிரைவர்தான். ஒரே ஒரு முறை இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு, தியரி டெஸ்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில பாலிசிகளில் "மற்றவர்களின் காரை ஓட்டலாம்" என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பிப் புதிதாக வாங்கிய காரை வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுவார்கள். அந்த வரி பொதுவாக உங்களுக்குச் சொந்தமில்லாத காருக்கு மட்டும்தான். பணம் கொடுத்து வாங்கிவிட்டால் அது உங்கள் கார். பொருந்தும் இடத்திலும் எதிரே இருப்பவருக்கு ஏற்படும் சேதத்துக்குத்தான் பணம் வரும், நீங்கள் ஓட்டும் காருக்கு வராது.

சரி, எப்படி மாற்றுவது? காரைப் பார்த்துப் பிடித்துப்போனதும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, காரின் நம்பரைக் கம்பெனியின் ஆப்பிலோ போனிலோ கொடுத்து விலை கேளுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்காதீர்கள். சில கம்பெனிகள் சில கார்களை எடுக்கவே மாட்டார்கள். ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியான கார்கள், பெரிய விபத்தில் சிக்கித் திரும்ப ரோட்டுக்கு வந்த கார்கள் என்றால் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மாலை கார் எடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்த நேரத்தில் போன் எடுக்க ஆள் இருக்குமா என்பதையும் முன்கூட்டிப் பாருங்கள். மாற்றம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேட்டு, புதிய சான்றிதழ் மின்னஞ்சலில் வந்த பிறகே சாவியைத் திருப்புங்கள். அதில் நம்பரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும் இடம் மாறிவிடும். தரவுத்தளத்தில் ஏறச் சில நாள் பிடிக்கலாம். அதுவரை அந்தச் சான்றிதழ் போனில் இருக்கட்டும்.

பணக் கணக்கு இரண்டு பகுதி. மீதி நாட்களுக்கான பிரீமியம் வித்தியாசம் ஒன்று, மாற்றுவதற்கான கட்டணம் இன்னொன்று. கட்டணம் எவ்வளவு என்பது பாலிசி ஆவணத்திலேயே இருக்கும். கேட்கும் தொகை அதிகமாகத் தெரிந்தால், "ரத்து செய்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போகலாமே" என்று தோன்றும். போவதற்கு முன் யோசியுங்கள்: பாதியில் ரத்து செய்தால் அந்த ஆண்டுக்கான நோ கிளெய்ம்ஸ் போனஸ் (கிளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) பொதுவாகச் சேராது. ஒன்பது மாதம் ஓட்டிய பாலிசி என்றால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது ஆண்டை முடித்துவிடுவதே நல்லது என்பேன். முதல் ஓரிரு மாதத்திலேயே மாற்றுகிறீர்கள் என்றால் இரண்டு விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயம். அந்த ஆண்டில் ஏற்கெனவே கிளெய்ம் வாங்கியிருந்தால் மட்டும் கவனம். ரத்து செய்தாலும் பொதுவாக முழு ஆண்டுப் பிரீமியத்தையும் கட்டச் சொல்வார்கள்.

கார் மாற்றும் போன் அழைப்பிலேயே மாறிப்போன மற்ற விஷயங்களையும் சொல்லிவிடுங்கள். வீடு மாறியது, வேலை மாறியது, மனைவியும் ஓட்டத் தொடங்கியது, எல்லாம். வார இறுதியில் உணவு டெலிவரி செய்பவர்கள் அதற்கென்று தனி கவர் வாங்க வேண்டும்; வேலைக்குப் போய்வரும் சாதாரணப் பாலிசி அதற்குப் போதாது. போனஸ் வைத்திருக்கும் அண்ணன் பெயரைப் பிரதான ஓட்டுநராகப் போட்டுத் தம்பி தினமும் ஓட்டுவது இங்கே மோசடி. விலை குறைகிறதே என்று செய்பவர்கள் விபத்து நடந்த அன்று பாலிசி செல்லாமல் போய் நிற்கிறார்கள்.

அப்புறம் ரோட் டாக்ஸ். 2014 அக்டோபர் முதல் அது காரோடு கைமாறுவதில்லை. விற்பவர் தரும் லாக்புக்கின் (வண்டியின் பதிவு ஆவணம்) பச்சைச் சீட்டில் உள்ள 12 இலக்க எண்ணை வைத்து, அங்கேயே நின்றபடி அரசு இணையதளத்தில் கட்டிவிடலாம். எம்ஓடி எனும் வாகனத் தகுதிச் சோதனையின் வரலாற்றையும் அதே தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பழைய காரை விற்ற அன்றே வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவுக்கு இணையத்தில் தெரிவித்துவிடுங்கள். மீதமுள்ள முழு மாதங்களுக்கான டாக்ஸ் திரும்ப வரும்.

பழைய கார் இன்னும் விற்கவில்லை, பாலிசியோ புதிய காருக்குப் போய்விட்டது என்றால் நிலைமை சிக்கல். ஓட்டாமல் தெருவில் நிறுத்தி வைத்திருந்தாலும் அதற்கு இன்சூரன்ஸ் வேண்டும். சொந்த டிரைவ்வே இருப்பவர்கள் "ரோட்டில் இல்லை" என்று டிவிஎல்ஏவுக்கு அறிவித்துவிட்டு உள்ளே நிறுத்தலாம். ஃபிளாட்டில் இருந்துகொண்டு தெருவில் நிறுத்துபவர்களுக்கு அந்த வழி இல்லை. விற்கும் வரை குறுகிய காலப் பாலிசி ஒன்று எடுக்கலாம், இல்லையென்றால் பழையதை விற்ற பிறகே புதியதை எடுக்கலாம். முடிந்தவர்களுக்கு இரண்டாவது வழியையே சொல்வேன்.

கட்டணத்திலோ கணக்கிலோ தகராறு வந்தால் முதலில் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்தில் முடிவு வராவிட்டாலும், வந்த முடிவு உங்களுக்கு ஏற்பில்லாவிட்டாலும், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்க்கும் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன் சேவைக்கு இலவசமாகக் கொண்டுபோகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து அதற்கு 6 மாதம்தான் அவகாசம்.