குஞ்சு கண்ணை மூடிக்கொண்டு நின்றால்: மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை

காலையில் புரூடரை, அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் கூண்டைத் திறக்கிறீர்கள். மற்ற குஞ்சுகள் தீவனத்துக்கு ஓடி வர, ஒன்று மட்டும் இறகைச் சிலிர்த்து, ஒரு கண்ணை மூடியபடி ஓரமாக நிற்கிறது. நாட்டுக்கோழி வளர்க்கப் புதிதாக இறங்குபவர்கள் இந்த இடத்தில் நேராக மருந்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். என் முதல் தொகுதிக் குஞ்சுகளுக்கு நானும் அப்படித்தான் மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். நான்கு நாளில் இன்னும் ஆறு குஞ்சுகளுக்குக் கண் வீங்கிவிட்டது. கோளாறு தரையில் பரப்பியிருந்த உமிக் கூளத்தில் இருந்தது.

1. தனியே பிரித்து வையுங்கள்

ஓர் அட்டைப்பெட்டி, காய்ந்த உமி, மேலே ஒரு பல்பு போதும். முதல் வாரக் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் பல்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடைந்தால் குளிர். எல்லாமே விலகிப் போய், சிறகை விரித்து, வாயைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம். அதைச் சளி என்று நினைக்க வேண்டாம்.

2. குனிந்து மூச்சை இழுங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். நின்றபடி முகர்ந்தால் எதுவும் தெரியாது. குஞ்சு நிற்கும் உயரத்துக்கு முகத்தைக் கொண்டு போங்கள். மூக்கு நெடித்து, உங்கள் கண் கரித்தால் அது அமோனியா. எச்சமும் ஈரமும் சேர்ந்து எழுப்பும் அந்த வாயு கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும். ஒரே நேரத்தில் பல குஞ்சுகளுக்கு இரண்டு கண்ணும் கலங்கினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நனைந்த கூளத்தை அன்றைக்கே அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர்க் குவளையைச் செங்கல் மேல், குஞ்சின் முதுகு உயரத்துக்கு வையுங்கள். கூளம் நனைவது அதிலேயே பாதி குறைந்துவிடும். மழைக்காலத்தில் சுற்றிலும் படுதா கட்டினாலும் மேல்பக்கம் காற்று போக இடம் விடுங்கள். பொடியான மரத்தூள் வேண்டாம், தூசியே கண்ணில் விழும். பூசண வாடை அடிக்கும் உமியும் வேண்டவே வேண்டாம். அந்தப் பூசணம் நுரையீரலில் இறங்கினால் குஞ்சு சத்தமில்லாமல் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். அதற்குப் பலன் தரும் மருந்து கிடையாது.

3. கண்ணைக் கழுவுங்கள்

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தலை தட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு, வெதுவெதுப்பாக ஆற விடுங்கள். குஞ்சை உள்ளங்கையில் பொதிந்து பிடியுங்கள். நனைத்த பஞ்சை ஒட்டிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்திருங்கள். பொருக்கு ஊறி இளகும். அப்போது அலகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். பிரித்து இழுக்காதீர்கள். இமை திறந்ததும் குறுக்கே ஒரு சவ்வு ஓடி மறையும். அது கோழியின் மூன்றாவது இமை, நோய் இல்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் புதுப் பஞ்சு. நாளுக்கு இரண்டு மூன்று தடவை செய்யலாம்.

கண் தெரியாத குஞ்சு பட்டினியிலேயே செத்துப்போகும். அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்டி, ஈரத் தீவனத்தை வாயருகே வையுங்கள்.

வீட்டில் இருக்கும் கண் மருந்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். கருவிழியில் புண் இருந்தால் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து அதை மோசமாக்கும். கண் மருந்துகளில் வரும் குளோரம்ஃபெனிக்கால் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குத் தரவே கூடாது.

4. இரவில் காது கொடுங்கள்

குஞ்சுகள் அடங்கியபின் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். தும்மலும் கொர்கொர் சத்தமும் அப்போதுதான் பிரிந்து கேட்கும். 7ஆம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்கான லசோட்டா தடுப்பு மருந்தைச் சொட்டு விட்டிருந்தால், அதற்குப் பின் சில நாள் லேசாகத் தும்முவது இயல்பு. அதற்கு மேலும் நீடித்து, கண்ணில் நுரையும் மூக்கில் சளியும் வந்தால் மைக்கோபிளாஸ்மா என்ற மூச்சுக்குழாய்க் கிருமியாக இருக்கலாம். முகம் வீங்கி நாற்றம் அடித்தால் கொரைசா என்ற சளி நோய். இமையில் கொப்புளமும் கருப்புப் பொருக்கும் இருந்தால் அம்மை. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகினால் வெள்ளைக் கழிச்சல். அதற்குத் தடுப்பூசிதான் வழி, வந்தபின் மருந்து இல்லை. கண்ணுக்குள் வெள்ளையாகத் தயிர்க்கட்டி போல் திரண்டால் வைட்டமின் ஏ குறைவும் காரணமாகலாம். அரிசிக் குருணையை மட்டும் போட்டு வளர்க்கும் இடங்களில் இது வரும். மஞ்சள் மக்காச்சோளமும் பொடியாக நறுக்கிய முருங்கைக் கீரையும் சேருங்கள்.

டைலோசின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளைக் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். தும்மல் நின்றதும் பாதியில் நிறுத்தாதீர்கள். திடீரென்று பல குஞ்சுகள் செத்தால் வெறும் கையால் தொடாமல் கால்நடை உதவி எண் 1962க்கு அழையுங்கள்.

மைக்கோபிளாஸ்மா வந்து தேறிய கோழி, பார்க்க நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். முட்டை வழியாகவும் அது குஞ்சுக்குப் போகும். அதனால் அந்தக் கோழிக்கு இப்போதே காலில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். பின்னால் அதன் முட்டையை அடை வைக்க வேண்டாம்.