கல்யாண வேலைக்கு டேப்லெட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தொழிலுக்கு வருகிற பலருடைய கேமரா பையில் இப்போது ஒரு டேப்லெட்டும் இருக்கிறது. நல்லதுதான். கண் மூடிய படங்களை மண்டபத்திலேயே கழித்துவிடலாம், பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெரிய திரையில் காட்டலாம், பேனாவால் முகத்துக்கு டச்சப் செய்யலாம். இந்த வேலைகளுக்கு லேப்டாப்பைவிட டேப்லெட்தான் வசதி. ஆனால் வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும் அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. சார்ஜ் போட மறப்பது, உறை போடாமல் தூக்கிப்போவது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடலாம். காசையும் பெயரையும் கெடுக்கிறவற்றை மட்டும் பார்ப்போம்.

டேப்லெட்டில் ஏற்றியாயிற்று என்று கார்டை அழிப்பது

முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடிகாலையில் முகூர்த்தம். இடைப்பட்ட அந்த ராத்திரியில்தான் இந்தத் தவறு நடக்கிறது. ரிசப்ஷன் முடியும்போது கார்டுகள் நிறைந்திருக்கும். பந்தி முடிந்த கூடத்தில் உட்கார்ந்து, அசிஸ்டென்ட் ஒவ்வொரு கார்டாக ரீடரில் செருகி டேப்லெட்டில் ஏற்றுகிறார். திரையில் படங்கள் வரிசையாகத் தெரிகின்றன. எல்லாம் வந்துவிட்டது என்று கார்டுகளை ஃபார்மேட் செய்து காலைக்குத் தயாராக வைத்துவிட்டுப் படுக்கிறார். தாலி கட்டும் படங்கள் அதே கார்டில், ரிசப்ஷன் படங்கள் இருந்த இடத்திலேயே பதிவாகின்றன. ஸ்டுடியோவுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால், வரவேற்பில் எடுத்த பல படங்கள் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

திரையில் நன்றாகத் தெரிந்ததே என்று கேட்பார்கள். ரா ஃபைலுக்குள் (கேமரா பதியும் திருத்தாத மூலப் படம்) கேமராவே ஒரு சின்ன ஜேபெக் முன்னோட்டத்தையும் சேர்த்து வைக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் அது ஃபைலின் ஆரம்பப் பகுதியில் இருக்கும். டேப்லெட் வேகமாகக் காட்டுவது அந்த முன்னோட்டத்தைத்தான். ஃபைல் பாதியில் அறுந்திருந்தாலும் முன்னோட்டம் முழுசாக இருக்கும். ஆகவே படம் கண்ணுக்குத் தெரிவதை வைத்து ஃபைல் முழுசாக வந்ததா என்று முடிவு செய்யவே கூடாது.

பாதியில் அறுவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. டேப்லெட்டில் ஒரே துளை, அதில் ஒரு ஹப் (ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் கருவி), ஹப்பில் ரீடரும் எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத வெளி டிரைவ்). காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ ஹப்பில் சார்ஜரைச் செருகுகிறார்கள் அல்லது பிடுங்குகிறார்கள். மின்சாரப் பங்கீடு மாறும் அந்த நொடியில் பல ஹப்களில் இணைப்பு விட்டுப்போய் மறுபடி ஒட்டும். திரை தானாக அணைந்தாலோ, வேறு ஆப்புக்குப் போய்விட்டாலோ காப்பி நின்றுவிடுவதும் உண்டு. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால் மின்சாரம் போதாமல் நடுவில் விழும்.

ஃபைல் முழுசாக வந்தாலும் வேறு வழியில் ஆபத்து இருக்கிறது. ஐபேடின் போட்டோஸ் ஆப்பில் இம்போர்ட் முடிந்ததும், கார்டில் உள்ளவற்றை அழிக்கவா, வைத்திருக்கவா என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் கை தப்பான இடத்தில் படும். ஐகிளவுட் போட்டோஸ் ஆனில் இருந்தால் ஐபேடில் அழித்த படம் போனிலும் அழியும். அது காப்பி அல்ல, ஒரே தொகுப்பின் இன்னொரு முகம். இலவசமாகக் கிடைப்பது வெறும் 5 ஜிபி, ஒரு கல்யாணத்துக்கு எந்த மூலைக்கும் காணாது. லைட்ரூம் என்ற எடிட்டிங் ஆப்பில் ஏற்றினால், கிளவுடுக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் படம் அந்த ஆப்புக்குள் மட்டும்தான் இருக்கிறது. இடம் போதவில்லை என்று ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் போனது போனதுதான்.

செய்ய வேண்டியது இது. கேமராவில் இரண்டு கார்டு துளை இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதிவாகும்படி வையுங்கள். ராத்திரியில் சார்ஜரை முதலில் ஹப்பில் செருகி, திரை தானாக அணையும் வசதியை நிறுத்திவிட்டு, ஃபைல்ஸ் ஆப்பில் கார்டின் டிசிஐஎம் ஃபோல்டரை (கேமரா படங்களை வைக்கும் இடம்) முழுசாக எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்யுங்கள். எஸ்எஸ்டி எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் இருக்க வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் என்டிஎஃப்எஸ் என்ற ஃபார்மேட்டில் இருந்ததை அப்படியே கொண்டுவந்தால் ஐபேடால் அதில் எழுத முடியாது. காப்பி முடிந்ததும் இரண்டு ஃபோல்டரின் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். கடைசியில் எடுத்த சில ரா ஃபைல்களை எடிட்டிங் ஆப்பில் திறந்து, முழு அளவுக்குப் பெரிதாக்கிக் கீழ் ஓரம்வரை பாருங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் கார்டை அழிக்காதீர்கள். முகூர்த்தத்துக்கு வேறு கார்டு போடுங்கள். ஸ்டுடியோ கம்ப்யூட்டரிலும் இன்னொரு டிரைவிலும் ஏறிய பிறகே ஃபார்மேட், அதுவும் கேமராவுக்குள்ளேயே.

இந்தத் தவறைப் பார்க்கும்போது இன்றைக்கும் எரிச்சல் வருவதற்குக் காரணம், இது தவிர்க்க எளிதானது என்பதுதான். டேப்லெட்டில் 128-க்குப் பதில் 512 ஜிபி வாங்கக் கொடுக்கிற கூடுதல் பணத்தில் நல்ல கார்டுகள் பல வாங்கலாம். ரிசப்ஷனை மறுபடி நடத்தச் சொல்லி எந்தக் குடும்பத்தையும் கேட்க முடியாது.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா? அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். உடனே கழற்றித் தனியே வையுங்கள். சாதாரணமாக அழிக்கும்போது பெரும்பாலும் பெயர்ப்பட்டியல்தான் போகிறது, மேலே புதிதாக எழுதும்வரை படத்தின் தரவு உள்ளேயே கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஓட்டி மீட்கப் பார்க்கலாம்; மீட்டதை வேறு டிரைவில் சேமியுங்கள்.

டைப்-சி என்றால் எல்லாம் ஒரே வேகம் என்று நம்புவது

2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடிலும் 2025-இல் வந்த ஏ16 ஐபேடிலும் டைப்-சி துளைதான். உள்ளே ஓடுவது பழைய யுஎஸ்பி 2 வேகம், அதாவது 480 எம்பிபிஎஸ் (நொடிக்கு 480 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்). நடைமுறையில் நொடிக்கு 35 முதல் 40 எம்பி (மெகாபைட்). ஒரு 64 ஜிபி கார்டு காலியாக ஏறக்குறைய அரை மணி நேரம். 2022-க்குப் பிந்தைய ஐபேட் ஏர் 10 ஜிபிபிஎஸ். நல்ல யுஎச்எஸ்-2 (வேகமான வகை) கார்டும் ரீடரும் இருந்தால் அதே வேலை ஐந்து நிமிடத்துக்குள் முடியும். இன்னொன்று: பெட்டியில் வருகிற சார்ஜ் கேபிளும் யுஎஸ்பி 2 தான். வேகமான டேப்லெட் வாங்கி, எஸ்எஸ்டியை அந்தக் கேபிளில் மாட்டினால் வேகம் கிடைக்காது.

திரையின் நிறத்தை நம்பி கலர் கரெக்‌ஷன் செய்வது

கேலக்ஸி டேப் திரைகள் விவிட் மோடில் இருந்தால் அரக்குப் பட்டுப்புடவை தீப்பிடித்ததுபோலத் தெரியும். சிவப்பு அதிகம் என்று குறைத்து அனுப்புவீர்கள். பிரின்ட் லேபிலிருந்து வரும் ஆல்பத்தில் புடவை வெளுத்திருக்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் ஸ்கிரீன் மோடை நேச்சுரலுக்கு மாற்றுங்கள், நீல ஒளியைக் குறைக்கும் ஐ கம்ஃபர்ட் ஷீல்டை அணையுங்கள். ஐபேடில் திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் இரண்டையும் அணையுங்கள். தானாக மாறும் வெளிச்சம் டிஸ்ப்ளே பக்கத்தில் இருக்காது; ஆக்சஸிபிலிட்டிக்குள் டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸில் இருக்கிறது, அதையும் நிறுத்துங்கள். வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்துத் திருத்தினால் பிரின்ட் இருண்டுதான் வரும். பாதி அளவில் வைத்து ஒரு சோதனைப் பிரின்ட் எடுத்து, அதைப் பக்கத்தில் வைத்துத் திரையைச் சரிசெய்து, அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருந்தாத பேனா வாங்குவது

யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது. மெதுவாக வைத்தாலும் அழுத்தி வைத்தாலும் ஒரே கோடு, தோல் டச்சப்புக்கு ஆகாது. பழைய இரண்டாம் தலைமுறைப் பென்சில் 2024-இன் எம்4 ஐபேட் ப்ரோவிலும் எம்2 ஐபேட் ஏரிலும் வேலை செய்யாது. அவற்றுக்குப் பென்சில் ப்ரோ வேண்டும். கேலக்ஸி டேப் எஸ்9, எஸ்10 வரிசைகளில் எஸ் பென் பெட்டியிலேயே வருகிறது, அழுத்தமும் தெரியும்.

ஆல்பம் டிசைனுக்கும் இதுவே போதும் என்று கம்ப்யூட்டரை விற்பது

போதாது. விண்டோஸ் ஆல்பம் மென்பொருளும் போட்டோஷாப் ப்ளக்-இன்களும் ஐபேடிலோ ஆண்ட்ராய்டிலோ ஓடாது.

கழிக்காத படங்களோடு டேப்லெட்டைப் பார்ட்டி கையில் கொடுப்பது

முதலில் கழியுங்கள். கொடுக்கும்போது, திறந்திருக்கும் ஆப்பைவிட்டு வெளியே போக விடாத வசதியை (ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங்) போட்டுக் கொடுங்கள்.

வெயிலில் வைத்து எக்ஸ்போஷர் பார்ப்பது

ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 35 டிகிரி. நம்மூர் மே மாதத்து அவுட்டோர் ஷூட்டில் காலை பத்து மணிக்கே அதைத் தாண்டலாம். சூடேறினால் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். மங்கிய திரையைப் பார்த்துப் படம் இருட்டு என்று எக்ஸ்போஷரை ஏற்றினால் வெள்ளை வேட்டியின் மடிப்பெல்லாம் எரிந்துபோகும். வெளியில் இருக்கும்போது ஹிஸ்டோகிராமைப் (படத்தில் வெளிச்சமும் இருட்டும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். பூட்டிய காருக்குள் டேப்லெட்டை விட்டுப் போகாதீர்கள்.