வெங்காயத் தோல் ஸ்லைடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோலை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்க வேண்டும், தோல் மடியக் கூடாது, உயர் உருப்பெருக்கத்தில் பெரிய திருகைத் தொடக் கூடாது. இதெல்லாம் இரண்டொரு ஸ்லைடு உடைந்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். புதிதாக நுண்ணோக்கியில் கண் வைப்பவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்குவது வேறு இடங்களில்.

கொன்றுவிட்டு வேலை வாங்குவது

ஆய்வு மேசையில் வழக்கமாக நடப்பது இது. மாணவர் தோலை உரித்து ஒரு சொட்டு அயோடின் விடுகிறார். உட்கரு பழுப்பாகப் பளிச்சென்று தெரிகிறது. அதே ஸ்லைடிலேயே பிளாஸ்மா சிதைவையும் (செல்லின் உள்ளடக்கம் நீரிழந்து சுருங்கிச் சுவரை விட்டு விலகுவது) பார்த்துவிடலாம் என்று உப்புக் கரைசலை விடுகிறார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், ஒன்றுமே சுருங்கவில்லை. கரைசல் போதவில்லை என்று நினைத்து 5 சதவீதத்தை 10 ஆக்குகிறார், பிறகு 20. வகுப்பு நேரம் முடிகிறது. கடைசியில் பாடநூல் படத்தைப் பார்த்து, சுருங்கிய செல்லை நோட்டில் வரைந்துவிடுகிறார். எரிச்சல் வருவது இங்கேதான். காணாததை வரைந்தது ஒருபக்கம் இருக்கட்டும். கண்ணெதிரே கிடைத்த நல்ல முடிவைக் குப்பையில் போட்டுவிட்டார்.

உப்பின் மேல் குற்றமில்லை. அயோடின் அந்தச் செல்லைக் கொன்றுவிட்டது. உயிருள்ள செல்லின் சவ்வு நீரை எளிதாக விடும், உப்பை எளிதில் விடாது. அதனால்தான் வெளியே உப்பு மிகும்போது உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது, செல்லுக்குள் சாறு நிறைந்த பையான பெரிய நுண்குமிழி சுருங்குகிறது, அதைச் சுற்றிய சைட்டோபிளாசமும் (செல்லின் கூழ் போன்ற பொருள்) சவ்வும் செல் சுவரிலிருந்து விலகுகின்றன. செத்த செல்லில் சவ்வுக்கு அந்தத் தேர்வு இல்லை. உப்பும் உள்ளே போய்விடும். இருபுறமும் செறிவு சமமானால் நீரை இழுக்க எதுவுமில்லை. 20 சதவீதம் ஊற்றினாலும் இதுதான் கதி. உட்கருவைச் சிவப்பாகக் காட்டும் அசிட்டோகார்மைன் சாயமும் இதே வேலையைத்தான் செய்யும். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் செல்லை உடனே கொல்லும்.

ஆகவே வரிசை முக்கியம். சிவப்பு வெங்காயத்தின் சதைப்பற்றுள்ள ஓர் அடுக்கை, அதாவது செதிலை எடுத்து, அதன் வெளிப்புறத் தோலை உரியுங்கள். அந்தத் தோல் செல்களின் நுண்குமிழியில் ஆந்தோசயனின் என்ற செந்நிற நிறமி இருப்பதால் சாயமே தேவையில்லை. உரித்த நொடியில் நீரில் போடுங்கள். காற்றில் காய்ந்த தோலும் செத்த தோல்தான். முதலில் வெறும் நீரில் 100 மடங்கில் பார்த்து, நிறம் செல் முழுக்கப் பரவியிருப்பதை வரைந்துகொள்ளுங்கள். பிறகு 100 மில்லி கரைசலில் 5 கிராம் சமையல் உப்பு இருக்கும்படி கலக்கி, கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் இரண்டு சொட்டு விட்டு, எதிர் விளிம்பில் வடிதாளை வையுங்கள். கரைசல் தோலினூடே இழுபடும். சில நிமிடங்களில் நிறம் ஒரு பக்கமாகக் குறுகி அடர்வதைக் காணலாம். பார்த்து முடித்ததும் அதே முறையில் நீரை இழுத்துவிடுங்கள். செல் மீண்டும் விரிந்தால் அது உயிரோடிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. உப்பிலேயே அரை மணி ஊறவிட்டால் பல செல்கள் மீளாது. நிறம் கசிந்து வெளியேறும்.

தோலின் வெட்டு விளிம்பில் இருக்கும் செல்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிளேடு பட்டவை அவை. நடுப்பகுதிக்கு நகருங்கள்.

அயோடினில் சுருங்காத அந்த ஸ்லைடு வீணல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சாயமேற்றாத தோல் ஒன்றையும் சாயமேற்றிய தோல் ஒன்றையும் அருகருகே வைத்து, ஒரே உப்புக் கரைசலை விடுங்கள். ஒன்று சுருங்கும், மற்றது அசையாது. சவ்வின் வேலை என்ன என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட இந்த இரண்டு ஸ்லைடும் தெளிவாகச் சொல்லும்.

உயிரோடிருக்கும்போதே சாயம் வேண்டுமென்றால் நியூட்ரல் ரெட் என்ற சாயத்தை எடுங்கள், 0.01 சதவீத அளவில். கரைசல் சற்றுக் காரத்தன்மையோடு இருந்தால் சாயம் மின்னேற்றமற்ற வடிவில் சவ்வுகளைக் கடந்து, அமிலத்தன்மையுள்ள நுண்குமிழிக்குள் மின்னேற்றம் பெற்று அங்கேயே சிக்கிக்கொள்கிறது. நுண்குமிழி சிவந்தால் செல் உயிரோடிருக்கிறது. நுண்குமிழி சிவக்காமல் உட்கரு சிவந்தால் அது செத்த செல்.

சுருங்கிய இடத்தில் வெற்றிடம் என்பது

செல் சுவருக்கும் விலகிய சவ்வுக்கும் நடுவே இருப்பது நீங்கள் விட்ட உப்புக் கரைசல். செல் சுவர் உப்பைத் தடுக்காது. இதை "காற்று" என்று எழுதியவர்களுக்குச் சுவர், சவ்வு இரண்டின் வேறுபாடே இன்னும் பிடிபடவில்லை.

காற்றுக் குமிழியை உட்கரு என்பது

தடித்த கறுப்பு விளிம்போடு பளபளத்தால் அது காற்று.

உட்கருவை நடுவில் வரைவது

முதிர்ந்த வெங்காயச் செல்லின் பெரும்பகுதியை நுண்குமிழி பிடித்துக்கொள்வதால் உட்கரு சுவரோரமாக ஒதுங்கியிருக்கும். சில செல்களில் அது நடுவில் தெரிவதுண்டு. அங்கே உட்கரு மேல்சுவரையோ கீழ்ச்சுவரையோ ஒட்டியிருக்க, நாம் மேலிருந்து பார்க்கிறோம். சிறிய திருகை மெல்லச் சுழற்றினால் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரியும்.

வெங்காயத்தில் பசுங்கணிகம் (இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்பு) தேடுவது

வெளிச்சம் படாத செதில் அது. பச்சை வேண்டுமென்றால் ஹைட்ரில்லா இலை.

ரைபோசோமைப் புள்ளி புள்ளியாக வரைவது

ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டும் எல்லை ஏறத்தாழ 200 நானோமீட்டர். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் துகளான ரைபோசோம் 20 முதல் 30 நானோமீட்டர். நீங்கள் பார்த்தது தூசி, இல்லையென்றால் சாயத் துணுக்கு.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவின் நிலை சற்று வேறு. அதன் குறுக்களவு அரை மைக்ரோமீட்டர் முதல் ஒரு மைக்ரோமீட்டர் வரை; எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் சாயமின்றி அதை அடையாளம் காண்பது கடினம். ஜேனஸ் கிரீன் பி என்ற சாயம் உயிருள்ள மைட்டோகாண்டிரியாவை நீலப்பச்சையாகக் காட்டும். அயோடினில் அதைத் தேட வேண்டாம்.

எல்லா அசைவையும் சைட்டோபிளாச ஓட்டம் என்பது

துகள்கள் இருந்த இடத்திலேயே நடுங்கினால் அது பிரௌனியன் இயக்கம், நீர் மூலக்கூறுகள் மோதுவதால் வரும் நடுக்கம். செத்த செல்லிலும் நடக்கும். ஓட்டம் என்றால் துகள்கள் ஒரு தடம் பிடித்து, ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போகும். ஆக்டின் என்ற புரத இழைகளின் மேல் மயோசின் புரதம் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழித்து நகர்வதால் வரும் இயக்கம் அது. இதைப் பார்க்கச் செதிலின் உட்புறத் தோலைச் சாயமின்றி நீரில் வைத்து, ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரத்தைப் பாதிக்கு மேல் மூடி, 400 மடங்கில் உட்கருவை ஒட்டிய மெல்லிய சைட்டோபிளாச இழைகளைக் கவனியுங்கள். வெளிச்சம் கூடினால் இழைகளே கண்ணுக்குப் படாது.