மலாய்க் கடிதம் எழுத வைக்கக் கத்தரிக்கோல் போதும்

அடைத்த சாக்கடைக்கு ஒன்று, எரியாத தெருவிளக்குக்கு ஒன்று என மாவட்ட மன்றத்துக்கான இரண்டு மலாய்ப் புகார்க் கடிதங்களைப் பத்தி பத்தியாக வெட்டிக் கலந்து, மூன்று மாணவர் கொண்ட குழுவிடம் அடுக்கக் கொடுங்கள். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் அதன் வேலையைத் தமிழில் எழுதட்டும்: நோக்கம், சிக்கல், பாதிப்பு, கோரிக்கை. பிறகு வேறொரு புகாரை வெண்பலகையில் எல்லாரும் சேர்ந்து எழுத வேண்டும். தனியாக எழுதுவது அதற்கப்புறம்தான்.

மலேசியத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குக் கடைத்தெரு மலாய் சரளம். அலுவலக மலாய் அன்னியம். ஒரேயொரு மாதிரிக் கடிதத்தைத் தந்தால் மனப்பாடம் ஆகிவிடும். இரண்டைப் பக்கத்தில் வைத்தால்தான் எது மாறுகிறது, எது அப்படியே நிற்கிறது என்பது புலப்படும். அலுவலகக் கடிதத்தில் முதல் பத்திக்கு எண் கிடையாது, அடுத்தது 2 என்று தொடங்கும், 'செக்கியான், தெரிமா காசே' (இத்துடன் முடிகிறது, நன்றி) என்ற முடிவு வரிக்கும் எண் இல்லை. பலர் 1 போட்டுச் சறுக்கும் இடம் இதுவே. நேரமில்லை என்று சேர்ந்தெழுதும் படியைத் தாண்டாதீர்கள், 20 நிமிடமாவது வேண்டும். 'செலாயின் இத்து' (அதைத் தவிர), 'ஓலே இத்து' (ஆகவே) போன்ற இணைப்புச் சொற்களை ஏன் அங்கே போடுகிறோம் என்று பேச வாய்ப்புக் கிடைப்பது அப்போதுதான்.

வாக்கியம் வாக்கியமாக வெட்டினால் இது வெறும் புதிராகிவிடும். கதைக்கும் நாட்குறிப்புக்கும் இவ்வளவு இறுகிய அமைப்பு இல்லாததால் அங்கே பலன் குறைவு. கடிதத்தை வாசித்துப் புரிந்துகொள்ளவே திணறும் மாணவருக்கு முதலில் சொற்களைக் கற்றுக்கொடுங்கள்.