சேலம் தெருவுக்கும் சேர்வராயன் மலைக்கும் ஒரே வண்டி: ஃபோர்-வீல் டிரைவ் தேர்ந்தெடுப்பது எப்படி?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். முழுவதும் தார்ச்சாலை. ஆல்டோவும் ஏறும், ஆம்னியும் ஏறும், அரசுப் பேருந்து நாள் முழுக்க ஏறி இறங்குகிறது. ஏரிக்கரைக்கும் பகோடா முனைக்கும் குடும்பத்தோடு போய்வர மட்டும்தான் வண்டி என்றால், ஃபோர்-வீலுக்கு, அதாவது நான்கு சக்கரத்துக்கும் இஞ்சின் இழுவை போகும் ஏற்பாட்டுக்கு, கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டாம். அதில் ஒரு சிறு பங்கை நல்ல டயருக்கும் பிரேக் பராமரிப்புக்கும் செலவழித்தால் போதும்.

ஃபோர்-வீலுக்கு வேலை வருவது தார் முடிகிற இடத்தில். காப்பித் தோட்டத்துக்குள் இறங்கும் கப்பி ரோடு, கல்வராயன் மலையிலும் சித்தேரியிலும் சிற்றூர்களுக்குப் போகும் மண்பாதை, மழைக்குப் பிறகு அரித்துப்போன ஓடைக் குறுக்குகள் ஆகியவைதான் அதன் இடம். சேர்வராயன் மலையின் மேல்மட்டத்தில் பாக்சைட் கிடைக்கும் செம்மண். காய்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். நனைந்தால் மேல்தோல் களியாகி, டயரின் பள்ளங்களை அடைத்து, சோப்புக்கட்டி மேல் நிற்பதுபோல வழுக்கும். ஆகவே ஷோரூமுக்குப் போகும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். மாதத்தில் எத்தனை நாள் உங்கள் சக்கரம் தாரை விட்டு இறங்கும்? நீங்கள் போயே ஆகவேண்டிய பாதையில் மிக மோசமான 200 மீட்டர், ஐப்பசி மழையில் எப்படி இருக்கும்? மற்ற எல்லா முடிவும் இந்த இரண்டிலிருந்துதான் வரும்.

லோ ரேஞ்ச்: இறங்குவதற்காக வாங்குங்கள்

விற்பவர்கள் ஏற்றத்தைக் காட்டி விற்பார்கள். இந்த மலையில் லோ ரேஞ்சின் பெரிய பயன் இறக்கத்தில். இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள அந்தத் தனி கியர், வண்டியின் வேகத்தைப் பொதுவாக இரண்டு முதல் இரண்டரை மடங்கு குறைத்து, இழுவையை அதே அளவு கூட்டுகிறது. ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் லோ ரேஞ்சில்) முதல் கியர் போட்டு, பிரேக், கிளட்ச், ஆக்சிலரேட்டர் எதையும் தொடாமல் விட்டால் வண்டி நடைவேகத்தில் இறங்கும்.

இது வழுக்கும் இறக்கத்தில் ஏன் முக்கியம்? டூ ஹையில் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண நிலை) இறங்கினால் இஞ்சின் பிரேக் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும் போகிறது. இறக்கத்தில் எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரங்களுக்குப் பிடி குறைவு. அவை இழுபட்டு, வண்டியின் வால் பக்கவாட்டில் திரும்பும். பதற்றத்தில் பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரமும் நின்றுபோய், ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி நேரே சறுக்கும். ஃபோர் லோவில் அதே இஞ்சின் பிரேக் நான்கு சக்கரத்துக்கும் பகிர்ந்து போகிறது, எல்லாச் சக்கரமும் உருண்டுகொண்டே இருக்கின்றன. இறக்கத்தில் வேகத்தைத் தானே அடக்கும் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் உதவும். ஆனால் அது பிரேக்கைத்தான் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும், லோ ரேஞ்சில் சூடாகாது.

தார்ச்சாலை இறக்கத்துக்கும் இதே அறிவு வேண்டும். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஆளும் சாமானுமாக 2,000 கிலோ உள்ள வண்டி அங்கிருந்து இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், மின்சாரக் கணக்கில் ஆறரை யூனிட். இஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளாத பங்கு முழுவதும் பிரேக் டிஸ்க்கில் சூடாக இறங்குகிறது. பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அது கொதித்தால் பெடல் பஞ்சுபோல் அடிவரை போய்விடும். எந்த வண்டி வாங்கினாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கும் இதுவே முறை.

பார்ட்-டைமா, ஆல்-வீலா?

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா, இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் எல்லாம் பார்ட்-டைம் ஃபோர்-வீல், அதாவது ஓட்டுபவர் போடும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும். முன், பின் அச்சுகளுக்கு நடுவே, அவை வேறுவேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துவிடும். காய்ந்த தாரில் வழுக்க முடியாது. ஷாஃப்டுகள் முறுக்கேறி, ஸ்டீயரிங் கனத்து, டயர் தேய்ந்து, கடைசியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் பாதிக்கும். எனவே கொண்டை ஊசி வளைவுகளில் தாரில் ஓடும்போது இவை பின்சக்கரம் இழுக்கும் சாதாரண வண்டிகளே. மலைக்குப் போகிறோம் என்று அடிவாரத்திலேயே ஃபோர்-வீல் போடுவது தவறு.

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவற்றின் ஆல்-வீல் டிரைவ் வகைகள் தேவைக்கேற்பத் தாமே பின்சக்கரத்துக்கும் இழுவை அனுப்பும். மழையில் நனைந்த தார், மூடுபனி, நாகலூர் பக்கம் சிறு மண்ரோடு என்று மட்டும் போகிறவர்களுக்கு இவை பார்ட்-டைமைவிடப் பொருத்தம். ஓட்டுபவர் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் லோ ரேஞ்ச் இல்லை. மேனுவல் கியர் வண்டியில் செங்குத்தான கப்பி ரோட்டில் கிளட்சைப் பாதி மிதித்தபடி ஏறினால் அது கருகும். எஸ்டேட் பாதை வாரம் ஒருமுறையாவது உண்டென்றால் லோ ரேஞ்ச் இல்லாத வண்டியை எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இன்னொன்று: ஃபோர்-வீல் என்றாலும், குறுக்கு அரிப்பில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனச் சக்கரங்கள் தூக்கிக்கொண்டால் அவை மட்டும் சுழலும், வண்டி நிற்கும். அதற்குத்தான் ஓர் அச்சின் இரு சக்கரத்தையும் ஒன்றாகச் சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் லாக். கூர்க்காவில் முன்னும் பின்னும் கையால் போடும் லாக் உண்டு. மஹிந்திரா தாரில் வகையைப் பொறுத்து பின்பக்கம் மெக்கானிக்கல் லாக்கோ, சுழலும் சக்கரத்தை பிரேக் மூலம் பிடிக்கும் ஏற்பாடோ இருக்கும். வாங்கும் வேரியண்டில் எது என்று விலைப்பட்டியலைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஜிம்னியில் பிரேக் வழி ஏற்பாடு. அதன் இரண்டு அச்சுகளும் ஒற்றைத் தண்டாக இருப்பதாலும் எடை சுமார் 1,200 கிலோதான் என்பதாலும் பெரும்பாலான எஸ்டேட் பாதைக்கு அதுவே போதும்.

அன்றாடம் ஓட்டுவதற்கு எது?

செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் ஒரு தள்ளுவண்டியை ஒதுங்கிக் கடந்தால்தான் அகலத்தின் அருமை தெரியும். ஜிம்னி 1,645 மி.மீ. அகலம், நான்கு மீட்டருக்குள் நீளம். ஸ்கார்ப்பியோ-என் 1,917 மி.மீ. பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப்புகளான ஹைலக்ஸும் வி-கிராஸும் 5.3 மீட்டர் அளவு நீளம். கொண்டை ஊசியில் எதிரே பேருந்து வந்தால் இவை அகலமாக விலக வேண்டியிருக்கும். தோட்டத்து மூட்டைகளை ஏற்றுவோருக்கு மட்டும் பிக்கப் சரி. மூன்று கதவு மஹிந்திரா தாரில் பின்சீட்டுக்கு முன்வழியாகத்தான் ஏற வேண்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஐந்து கதவு தார் ராக்ஸ் அல்லது ஐந்து கதவு கூர்க்கா பாருங்கள். ராக்ஸிலும் ஸ்கார்ப்பியோ-என்னிலும் ஃபோர்-வீல் டீசலில் மட்டும்தான் வருகிறது. அங்கேதான் அடுத்த சிக்கல்.

பி.எஸ்.6 டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. அது நன்றாகச் சூடானால்தான் பிடித்த கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு வரை போய் நிறுத்தி, மாலையில் திரும்பும் ஓட்டத்தில் அது சூடாகவே ஆகாது. விளக்கு எரியும், பிறகு இழுவை குறையும், கடைசியில் சர்வீஸ் செலவு. தினமும் பத்து கிலோமீட்டருக்குள் ஓடுபவர் டீசல் எடுத்தால், வாரம் ஒருமுறை ஓமலூர் தாண்டி பெங்களூரு சாலையில் 20–25 நிமிடம், 60 கி.மீ. வேகத்துக்குக் குறையாமல் சீராக ஓட்டிவிட்டு வர வேண்டும். அது முடியாதென்றால் பெட்ரோல்.

பெட்ரோலிலும் ஒரு கணக்கு உண்டு. டர்போ இல்லாத இஞ்சினுக்கு ஏற்காட்டு உயரத்தில் கடல்மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும், சக்தியும் அவ்வளவு குறையும். நான்கு பேரோடு ஜிம்னியில் ஏறினால் கியரை அடிக்கடி இறக்க வேண்டியிருக்கும். அது கோளாறு இல்லை.

எடை பற்றி ஒரு வார்த்தை. வண்டியின் மொத்த அனுமதி எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதே நீங்கள் ஏற்றலாகும் அளவு. ஜிம்னியில் அது சுமார் 340 கிலோ. தலைக்கு 70 கிலோ என்று நான்கு பேர் ஏறினால் மிச்சம் 60. இரும்புக் கேரியர், கூரைக் கூடாரம், தண்ணீர் கேன் என்று சேர்க்கும்போது முதலில் காலியாவது இந்த 60 கிலோதான். கூரையில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் சாய்வைக் கூட்டும்.

டயர்

பாதைக்கும் வண்டிக்கும் தொடர்பு டயர் மட்டும்தான், அதனால் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். பெரிய கட்டைகள் உள்ள எம்.டி. (மட் டெரெய்ன்) டயர் சேற்றில் நன்றாக இழுக்கும். ஆனால் நனைந்த தாரில் பிரேக் தூரம் கூடும், சத்தமும் அதிகம், தேய்வும் அதிகம். ஆண்டின் பெரும்பகுதி தாரில் ஓடும் சேலத்து வண்டிக்கு, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயரே சரி. அளவை மாற்ற நினைத்தால் மொத்த விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. கூடினால் கியர் விகிதம் நீண்டு ஏற்றத்தில் திணறும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். கப்பி ரோட்டில் டயர் பஞ்சராவதைவிடப் பக்கச்சுவர் கிழிவதே அதிகம். அதற்கு ஒட்டு வேலை செய்யாது, ஸ்டெப்னி முழு அளவில் இருந்தே ஆக வேண்டும்.

தாரில் கம்பெனி சொன்ன காற்று. கப்பி ரோட்டில் 26–28 பி.எஸ்.ஐ., வேகம் 40-க்குள். சேற்றில் சிக்கினால் 18–20 வரை இறக்கலாம், ஆனால் 20 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, சடாரென்று திருப்பக் கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தாருக்கு வந்ததும் முதல் வேலை காற்று ஏற்றுவது. கம்ப்ரஸரை நேரே பேட்டரியில் கிளிப் போட்டு மாட்டும் வகையாக வாங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் பெரிய கம்ப்ரஸரை மாட்டினால் ஃபியூஸ் போகும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால்

முதலில் குனிந்து பாருங்கள், முன் அச்சுக்கு இழுவை கொண்டுபோகும் முன்பக்க ஜாயிண்ட் ஷாஃப்ட் இருக்கிறதா என்று. மைலேஜுக்காகக் கழற்றி வைத்தவர்கள் உண்டு. அடுத்து, மண் தரையில் ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் சாதாரண கியரில்) போட்டு மெதுவாக வட்டமடியுங்கள். ஸ்டீயரிங் இறுகி, வண்டி இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தால் ஃபோர்-வீல் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் தெரியாவிட்டால் அது போடப்படவே இல்லை. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஃபோர் லோ போட்டு முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத லீவர் இறுகியிருக்கும். டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த நிறத்தில் இருந்தால் ஓடைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஷாஃப்டைக் கையால் முறுக்கும்போது 'டக்' என்று ஆட்டம் கொடுத்தால் யுனிவர்சல் ஜாயிண்ட் மாற்ற வேண்டும், அது சின்னச் செலவு. சேஸில் அப்பிய சேற்றைச் சுரண்டி, உள்ளே துரு இருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது பெரிய செலவு.

பணம் கட்டும் முன்

டெஸ்ட் டிரைவை ஐந்து ரோட்டைச் சுற்றி முடித்துவிட வேண்டாம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றி, குறைந்தது ஏழெட்டு கொண்டை ஊசி வரை ஏறி இறங்குங்கள். குப்பனூர் பாதையில் ஏறிப் பார்த்தால் இன்னும் நல்லது. வளைவில் முன்தூண் பார்வையை மறைக்கிறதா, பின்சீட்டில் யாருக்காவது குமட்டுகிறதா, இரண்டாம் கியரில் இறங்கும்போது வேகம் தானே அடங்குகிறதா என்று கவனியுங்கள்.

முன்னால் இரும்பு புல் பாரைக் கடையில் மாட்டச் சொல்லாதீர்கள். 2017-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது, ஏர்பேக் திறக்கும் நேரத்தையும் அது குழப்பும். இழுக்கும் கொக்கி முன்னும் பின்னும் சேஸிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸில் இஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் சேர்க்கச் சொல்லுங்கள். ஓடையில் இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிக் கெட்டால் சாதாரண பாலிசியில் அந்தச் செலவு கிடைக்காது. காப்புக்காட்டுக்குள் போகும் பாதை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியைத் திருப்பவே வேண்டாம். தோட்டத்துப் பாதைக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும், மழை பெய்த அடுத்த நாள் அதைக் கேட்காமல், போகாமல் இருப்பதே மரியாதை. ஈரத்தில் நாம் போட்டுவிட்டுப் போகும் தடத்தில்தான் மறுநாள் அவர்களின் காப்பி மூட்டை ஜீப்பு சிக்கும்.